வாசல்மேல் ஒரு பெயர்

1801ஆம் ஆண்டின் குளிர்காலம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் தனித்து நிற்கும் ஒரு பண்ணைவீட்டுக்கு, லாக்வுட் என்பவர் தம் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டுப் போக வருகிறார். உள்ளே நுழைவதற்கு முன் சற்று நின்று, தலைவாசலுக்கு மேலே உள்ள சிற்ப வேலைப்பாட்டைப் பார்க்கிறார். கழுகுத் தலையும் சிங்க உடலுமாகச் செதுக்கப்பட்டு இப்போது உதிர்ந்துகொண்டிருக்கும் விலங்குகளுக்கும் ஆடையற்ற சிறுவர் உருவங்களுக்கும் நடுவே '1500' என்ற ஆண்டும் 'ஹேர்ட்டன் எர்ன்ஷா' என்ற பெயரும் இருக்கின்றன. அதே பெயருடைய இளைஞன் ஒருவன் அந்த வீட்டிலேயே பண்ணையாளைப் போல வளர்ந்து வருகிறான். தன் முன்னோர் கட்டிய வீட்டின் வாசலில் தன் பெயரே கல்லில் வெட்டப்பட்டிருக்க, அதை வாசிக்கத் தெரியாதவன் அவன். லாக்வுட் வருவதற்குச் சில காலம் முன்பு, அந்த எழுத்து என்னவென்று ஒரு பெண் அவனிடம் கேட்டிருக்கிறாள். அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, ஏதோ பாழாய்ப்போன எழுத்து, தனக்குப் படிக்க வராது என்று பதில் சொல்லியிருக்கிறான்.

எமிலி ப்ராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தபோது அதைக் காதல் கதை என்று நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோது பழிவாங்கும் கதையாகத் தெரிந்தது. இந்த முறை பென்சிலையும் வெள்ளைத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த அறைக்குள் எந்த வழியாகப் போகிறார்கள், எந்தச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, எந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று படம் வரைந்துகொண்டே படித்தேன். பாதிப் புத்தகத்தைத் தாண்டும் முன்பே ஒன்று தெளிவாயிற்று: இந்தக் கதையில் முக்கியமான எதுவும் ஏதாவதொரு கதவோ சன்னலோ இல்லாமல் நடப்பதே இல்லை. அந்த எண்ணத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுத விரும்புகிறேன்.

நாவல் 1847 டிசம்பரில் 'எல்லிஸ் பெல்' என்ற புனைபெயரில் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, 1848 டிசம்பரில், தம் முப்பதாம் வயதில் எமிலி இறந்துபோனார். ஹாவொர்த் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மகளாக அவர் வாழ்ந்த வீட்டுக்கு முன்புறம் இடுகாடு. பின்புறம் மரமற்ற மேட்டுநிலம். அவருடைய ஆயுளில் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும் நடுவே கழிந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், நாவலில் வரும் சன்னல்கள் எல்லாம் வேறு விதமாகத் தோன்றும்.

அச்சத்தையே கதையாக்கும் காதிக் நாவல் என்ற வகைக்கு அதற்குள் எண்பது ஆண்டு வரலாறு சேர்ந்திருந்தது. 1764இல் வந்த ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' தொடங்கி, 1794இல் வந்த ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ' வரை, அச்சத்தின் இருப்பிடம் பெரும்பாலும் தொலைதூரத்து இத்தாலியக் கோட்டையாகவே இருந்தது. சுரங்கவழி, பூட்டிய அறை, சிறைப்பட்ட பெண், கொடுங்கோலனான தலைவன் எல்லாம் அங்கே உண்டு. எமிலி இவை ஒன்றையும் விடவில்லை. ஆனால் கோட்டையை எடுத்துவிட்டு, தாம் நன்றாக அறிந்த யார்க்‌ஷயரின் கல்வீடு ஒன்றை அந்த இடத்தில் வைத்தார். அதைவிடத் துணிச்சலான இன்னொன்றையும் செய்தார். வீட்டை இரண்டாக்கினார். மேட்டின் மீது வுதரிங் ஹைட்ஸ். நான்கு மைல் கீழே, பள்ளத்தாக்கில், பூங்கா சூழ்ந்த த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச். கதை இந்த இரண்டு வீடுகளையும் இடையிலுள்ள வெட்டவெளியையும் தாண்டிப் போவதே இல்லை. ஹைட்ஸில் எடுத்து வளர்க்கப்பட்டவனும் லாக்வுட் பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரனுமான ஹீத்கிளிஃப், இடையில் மூன்று ஆண்டுகள் எங்கோ போய்ப் பணமும் மிடுக்கும் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறான். அவன் எங்கே போனான், என்ன செய்தான் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. இந்த இரண்டு கூரைகளுக்கு வெளியே நடப்பது எதுவும் கணக்கில் இல்லை.

'வுதரிங்' என்பது வட்டாரச் சொல். புயற்காலத்தில் அந்த மேட்டில் காற்று போடும் பேரிரைச்சலைக் குறிப்பது. வீட்டின் பெயரே காற்றின் ஓசைதான். வீட்டின் ஒரு பக்கம் நிற்கும் குட்டையான ஊசியிலை மரங்கள் அளவுமீறிச் சாய்ந்திருப்பதைக் கொண்டே வடகாற்றின் வலிமையை லாக்வுட் ஊகிக்கிறார். முள்மரங்கள் எல்லாம் சூரியனிடம் பிச்சை கேட்பவை போல ஒரே பக்கமாகக் கைநீட்டி நிற்கின்றன. சன்னல்கள் குறுகலானவை, சுவருக்குள் ஆழப் பதிந்தவை. மூலைகளுக்குத் துருத்திய பெருங்கற்கள் காவல். அகப்பாட்டில் நிலத்தையும் மரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு மனிதரின் நிலையை உணரவைக்கும் உள்ளுறை உவமம் தெரிந்த நமக்கு, இந்த முள்மரங்கள் யாரைச் சொல்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே பக்கமிருந்து இடைவிடாமல் அடிபட்டு வளர்ந்தது நேராக நிற்காது. ஹீத்கிளிஃபும் ஹேர்ட்டனும் அப்படி வளர்ந்தவர்கள். பின்னால் ஹேர்ட்டனின் தந்தையான ஹிண்ட்லியின் மரணத்துக்குப் பிறகு, அநாதையாகிவிட்ட குழந்தை ஹேர்ட்டனைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு மரத்தைக் கோணலாக்கிய அதே காற்று இன்னொரு மரத்தையும் கோணலாக்குகிறதா பார்ப்போம் என்று ஹீத்கிளிஃப் சொல்லும்போது, ஆசிரியரே அந்த உள்ளுறையைத் திறந்து காட்டிவிடுகிறார்.

உள்ளே போனால் முன்கூடமோ நடைவழியோ கிடையாது. ஓரடி எடுத்து வைத்தால் நேராகக் குடும்பம் புழங்கும் பெரிய அறை. அந்த வட்டாரத்தில் அந்த அறையையே 'வீடு' என்று அழைக்கிறார்கள். கூரைக்கு உள்முகடு போடவில்லை. உத்தரமும் சட்டமும் அப்படியே தெரிகின்றன. மேலே ஓட் அப்பமும் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சித் தொடைகளும் தொங்குகின்றன. கணப்புக்கு மேலே பழைய துப்பாக்கிகள். ஓக் மரத் தட்டுகளில் கூரைவரை அடுக்கிய ஈயக் கலவைப் பாத்திரங்கள். மூலைமுடுக்கெல்லாம் நாய்கள். இங்கே வாழ்பவர்களின் சுபாவமும் இதுதான். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் அவர்களுக்கு நடைவழி இல்லை. கோபம் வந்த கணத்திலேயே கை நீள்கிறது. அன்பு வந்தாலும் அப்படியே. மனத்தின் எலும்புக்கூட்டை மூடி மறைக்கும் பூச்சு அவர்களிடம் இல்லை.

கிரேஞ்சை நாம் முதலில் பார்ப்பது வெளியிலிருந்து, சன்னல் வழியாக, இரவில். பார்ப்பவர்கள் ஹீத்கிளிஃபும் ஹிண்ட்லியின் தங்கை கேத்தரினும். அப்போது அவர்கள் சிறுவர்கள். ஓட்டப் பந்தயத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலுடன் நிற்கும் கேத்தரினும் அவனும் பூப்பாத்தியில் நின்று, சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். கருஞ்சிவப்புக் கம்பளம், அதே நிறத்தில் உறையிட்ட நாற்காலிகளும் மேசைகளும், பொன் விளிம்பிட்ட வெள்ளை முகடு, நடுவில் வெள்ளிச் சங்கிலிகளில் மழையாகத் தொங்கும் கண்ணாடித் துளிகள், அவற்றில் மினுங்கும் மெழுகுவர்த்திகள். இவ்வளவு அழகான அறை தமக்கே கிடைத்தால் சொர்க்கத்தில் இருப்பதாக நினைத்திருப்போமே என்று ஹீத்கிளிஃப் பின்னால் நெல்லியிடம் சொல்கிறான். லாக்வுட்டுக்கு இந்தக் கதையைச் சொல்லும் பணிப்பெண் அவள். அந்த அறைக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எட்கரும் இசபெல்லாவும் என்ன செய்கிறார்கள்? ஒரு நாய்க்குட்டி யாருக்கு என்று சண்டையிட்டு, அதை ஏறக்குறைய இரண்டாகக் கிழித்துவிட்டு, இப்போது இருவருமே அது வேண்டாம் என்று அழுகிறார்கள்.

இந்தக் காட்சியில்தான் என் கருத்து பலருடைய கருத்திலிருந்து பிரிகிறது. ஹைட்ஸ் புயலின் வீடு, கிரேஞ்ச் அமைதியின் வீடு என்ற பிரிவினை மிகவும் பெயர் பெற்றது; டேவிட் செசில் 1934இல் எழுதிய விமரிசனத்துக்குப் பிறகு அது பாடத்திட்டங்கள் வரை வந்துவிட்டது. அதில் உண்மை உண்டு. நாவலுக்குள்ளேயே நெல்லி, ஹீத்கிளிஃபிடமிருந்து எட்கரிடம் பார்வையைத் திருப்புவது, வறண்ட மலைப்பாங்கான நிலக்கரிச் சீமையை விட்டுச் செழிப்பான பள்ளத்தாக்குக்கு வருவது போன்றது என்கிறாள். ஆனால் அந்த அமைதி எதனால் காக்கப்படுகிறது என்பதை எமிலி அதே இரவில் காட்டிவிடுகிறார். சிறுவர்கள் சிரிப்பது கேட்டதும் புல்டாக் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். அது கேத்தரினின் கணுக்காலைக் கவ்விக்கொள்கிறது. முந்தின நாள் வாடகைப் பணம் வந்தது என்று தெரிந்து வந்த திருடர்கள் என்றே வீட்டுத் தலைவர் லின்டன் நினைக்கிறார். அவர் நீதி வழங்கும் அதிகாரி வேறு. ஹைட்ஸின் முரட்டு நாய்கள் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கின்றன. கிரேஞ்சின் நாய் இருட்டில் இருக்கிறது. இதுதான் எனக்குத் தெரிந்த பெரிய வேறுபாடு. இரண்டு வீடுகளிலும் வன்முறை உண்டு. ஒரு வீட்டில் அது தொங்கவிடப்பட்டிருக்கிறது, மற்ற வீட்டில் கம்பளத்துக்கு அடியில் இருக்கிறது.

அடுத்து நடப்பது இன்னும் கூர்மையானது. பெண் எர்ன்ஷா குடும்பத்துப் பிள்ளை என்று அடையாளம் தெரிந்ததும் அவளை உள்ளே தூக்கிச் சென்று, வெந்நீரில் கால் கழுவி, பலகாரம் கொடுத்துக் கணப்பருகே உட்காரவைக்கிறார்கள். பையனை, அவன் நிறத்தையும் முகத்தையும் பார்த்து, யாரோ லாஸ்கர் சிறுவன், அல்லது கரையொதுங்கிய அமெரிக்கனோ ஸ்பானியனோ என்று சொல்லி வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். லாஸ்கர் என்றால் கிழக்கிந்தியக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமி. இந்தியத் துறைமுகங்களிலிருந்து லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்து தெருவில் நின்ற ஆயிரக்கணக்கானோரின் நிழல் அந்த ஒரு சொல்லில் நம்மைத் தொட்டுவிட்டுப் போகிறது. துரத்தப்பட்ட ஹீத்கிளிஃப் மறுபடியும் சன்னலுக்கு வருகிறான். கேத்தரின் வீட்டுக்கு வர விரும்பினால் அந்தப் பெரிய கண்ணாடிகளைச் சுக்குநூறாக உடைத்துவிடுவது என்று எண்ணிக்கொண்டு நிற்கிறான். அவள் விரும்பவில்லை. கண்ணாடி உடையவில்லை. மீதி நாவல் முழுவதும் அந்த உடையாத கண்ணாடியின் விளைவு என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹீத்கிளிஃபுக்குக் கதவு சாத்தப்படுவது இது முதல் தடவையும் இல்லை. கேத்தரினின் தந்தை லிவர்பூல் தெருவிலிருந்து அவனைத் தூக்கி வந்த முதல் இரவில், குழந்தைகள் அவனைத் தங்கள் படுக்கையிலோ அறையிலோ சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுகிறார்கள். விடிவதற்குள் போய்த் தொலையட்டும் என்று நெல்லி அவனை மாடிப்படியின் திருப்பத்தில் விட்டுவிட்டு வருகிறாள். இந்தக் குற்றத்தை அவளே ஒப்புக்கொள்கிறாள். ஒரு வீட்டுக்குள் வந்தும் எந்த அறைக்கும் சேராத இடம், படிக்கட்டின் திருப்பம். பிற்காலத்தில் இரண்டு வீடுகளுக்கும் உரிமையாளன் ஆகும் மனிதனின் முதல் இருப்பிடம் அது. இந்த வரியைப் படித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிரேஞ்சில் ஐந்து வாரம் தங்கிவிட்டுக் கிறிஸ்துமஸுக்குத் திரும்பும் கேத்தரின், குதிரையிலிருந்து இறங்கும்போதே வேறொருத்தியாகத் தெரிகிறாள். பாய்ந்து வரும் நாய்களைத் தொட்டால் உடை அழுக்காகும் என்று தயங்குகிறாள். பின்னர் எட்கரை மணந்து அந்த வீட்டுக்கே தலைவியாகிறாள். ஒரு வீட்டுக்குரிய மனம் இன்னொரு வீட்டில் குடியேறினால் என்ன ஆகும் என்பதை எமிலி அவளுடைய நோயின் வழியாக எழுதிய பக்கங்கள், நான் படித்த எந்த நாவலிலும் உள்ள மிகச் சிறந்த பக்கங்களோடு வைக்கத் தக்கவை. மூன்று நாள் அறையைத் தாழிட்டுக்கொண்டு உணவை மறுத்துக் கிடக்கிறாள். கணவர் நூலக அறையில் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், நான் சாகக் கிடக்கும்போது அவருக்குப் புத்தகங்களோடு என்ன வேலை என்று வெடிக்கிறாள். தலையணையைப் பல்லால் கிழித்து, இறகுகளை எடுத்து, இது வாத்து, இது புறா, இது மேட்டுநிலத்து ஆள்காட்டிக் குருவி என்று பிரித்து அடுக்குகிறாள். பஞ்சணையின் மென்மைக்குள் கூட அவளுக்கு மேட்டுநிலத்துப் பறவைதான் கிடைக்கிறது. ஹைட்ஸில் இருந்த தன் பழைய ஓக் கட்டிலில் படுத்திருப்பதாகவே நம்புகிறாள். சுவரிலிருக்கும் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தையே அடையாளம் தெரியாமல் அஞ்சுகிறாள். பன்னிரண்டு வயதில் ஹைட்ஸிலிருந்து பிடுங்கப்பட்டு, ஒரே வீச்சில் கிரேஞ்சின் தலைவியாக மாற்றப்பட்டவள் போல, நாடுகடத்தப்பட்டவள் போல உணர்ந்ததாகச் சொல்கிறாள். பிறகு உறைபனி இரவில் சன்னலைத் திறந்து வெளியே சாய்ந்து, அதோ என் அறையில் மெழுகுவர்த்தி எரிகிறது, நான் வரும்வரை வாயிற்கதவைப் பூட்டாமல் வேலைக்காரன் ஜோசப் விழித்திருக்கிறான் என்கிறாள்.

நெல்லி அதன்பின் தன் வழக்கமான வறண்ட குரலில் ஒரு செய்தியைச் சொல்கிறாள். கிரேஞ்சிலிருந்து பார்த்தால் ஹைட்ஸின் விளக்குகள் எப்போதுமே தெரிவதில்லை. வீடு குன்றின் மறுபக்கச் சரிவில் இருக்கிறது. இந்த நில அமைப்பை எமிலி இதற்கு முன்பே, ஹீத்கிளிஃப் திரும்பி வரும் மாலையில், போகிற போக்கில் சொல்லி வைத்திருப்பதை இந்த முறை படம் வரைந்தபோதுதான் கவனித்தேன். அன்று எட்கரும் கேத்தரினும் அமைதியாகச் சன்னலருகே அமர்ந்திருக்க, பனிமூட்டத்துக்கு மேலே குன்று மட்டும் தெரிகிறது; பழைய வீடு தெரியவில்லை. அவள் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அவளுடைய சன்னலில் அந்தக் குன்று இருந்தது, வீடு இல்லை.

இசபெல்லாவின் கதை இதன் மறுபக்கம். பட்டும் கம்பளமும் பழகியவள் ஹீத்கிளிஃபின் மனைவியாக ஹைட்ஸுக்கு வருகிறாள். படுக்க அறை கேட்கிறாள். ஜோசப் பரணில் மூட்டைகளும் சாமான்களும் கிடக்கும் இடங்களைக் காட்டுகிறான். அவளுக்கென்று ஓர் அறையே அந்த வீட்டில் இல்லை. கணவனின் அறையோ பூட்டியிருக்கிறது. சிறுமியாக வந்தபோது கண்ணைப் பறித்த பாத்திர வரிசை இப்போது தூசும் களிம்பும் ஏறி மங்கிக் கிடப்பதை அவள் கடிதத்தில் எழுதுகிறாள். அந்தப் பாத்திரங்களைக் கவனித்துக்கொண்டு படித்தாலே எர்ன்ஷா குடும்பத்தின் வரலாறு கிடைத்துவிடும். ஹிண்ட்லியின் இளம் மனைவி அந்த வெள்ளைக் கல்தரையையும் ஒளிரும் கணப்பையும் பளபளக்கும் பாத்திரங்களையும் பார்த்துப் பூரித்ததால்தான், ஓர் அறைக்குக் கம்பளம் விரித்து அலங்கரிக்கும் எண்ணத்தையே அவன் கைவிட்டான். அவள் இறந்தாள், அவன் குடியில் விழுந்தான், பாத்திரம் மங்கியது.

ஹீத்கிளிஃப் ஹைட்ஸை அடமானத்தின் வழியாகவும் கிரேஞ்சைத் திருமணங்களின் வழியாகவும் கைப்பற்றும் முறை எவ்வளவு துல்லியமாக அன்றைய சொத்துச் சட்டத்தின்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை, சி. பி. சேங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் ஒரு சிறிய கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். அந்தப் பகுதியை இங்கே விரிக்கவில்லை. என் கவனம் அவன் அந்த வீடுகளை வைத்து என்ன செய்தான் என்பதில் இருக்கிறது. ஒன்றுமே செய்யவில்லை. பொன்விளிம்பிட்ட முகடும் கண்ணாடித் துளிகளும் கொண்ட, சிறுவயதில் சன்னலுக்கு வெளியே நின்று சொர்க்கம் என்று நினைத்த அந்த அறை சட்டப்படி அவனுடையதாகிறது. அதில் அவன் குடியேறவில்லை, லாக்வுட்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறான். ஹைட்ஸில் வாயிலுக்குச் சங்கிலி போட்டு, நாய்களை வளர்த்து, வந்தவரை வெளியேற்றவோ உள்ளே இருப்பவரை அடைக்கவோ செய்கிறான். கேத்தரினின் மகளை ஐந்து நாள் பூட்டி வைத்துத் தன் மகனுக்கு மணமுடிக்கிறான். படிக்கட்டின் திருப்பத்தில் விடப்பட்ட சிறுவனுக்குக் கதவுகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சாத்துவது ஒன்றுதான்.

வீடு என்ற சொல்லுக்குத் தமிழில் விடுதலை என்ற பொருளும் உண்டு, வீடுபேறு என்கிறோம். மனை என்றால் இருப்பிடம், அதிலிருந்தே மனைவி வருகிறாள். எமிலிக்கு இந்தச் சொற்கள் தெரியாது. ஆனால் கேத்தரின் காணும் ஒரு கனவை, இந்த இரு பொருளும் காதில் ஒலிக்காமல் என்னால் படிக்க முடிவதில்லை. அவள் சொர்க்கத்தில் இருக்கிறாள். அது தன் வீடாகத் தோன்றவில்லை. பூமிக்குத் திரும்ப வேண்டும் என்று நெஞ்சு வெடிக்க அழுகிறாள். தேவதூதர்கள் சினந்து அவளைத் தூக்கி எறிய, ஹைட்ஸின் உச்சியில் புதர்க்காட்டின் நடுவே வந்து விழுந்து, மகிழ்ச்சியில் விம்மியபடி விழித்துக்கொள்கிறாள். வீட்டுக்குள் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூரைக்கு மேலே, வெளியில். இறந்த பிறகும் அப்படியே. லின்டன் குடும்பத்தாரின் செதுக்கிய நினைவுச்சின்னத்துக்கு அடியிலும் அவளைப் புதைக்கவில்லை, தன் பிறந்த வீட்டாரின் கல்லறைகளுக்குப் பக்கத்திலும் புதைக்கவில்லை. இடுகாட்டின் மூலையில், சுவர் மிகவும் தாழ்ந்து மேட்டுநிலத்துச் செடிகள் ஏறி உள்ளே வந்துவிட்ட பசும்சரிவில் புதைக்கிறார்கள். நாவலில் கதவும் பூட்டும் இல்லாத ஒரே இடம் அந்தத் தாழ்ந்த சுவர்.

ஆவியாக வரும்போது மட்டும் அவள் உள்ளே விடச் சொல்கிறாள். லாக்வுட் ஹைட்ஸில் பனியில் மாட்டிக்கொண்ட இரவில் படுப்பது, ஓக் பலகைகளால் மூடப்பட்ட, ஒரு சிறு அறையே போன்ற அந்தப் பழைய கட்டிலில். அதன் சன்னல் விளிம்பில் கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லின்டன் என்று பெரிதும் சிறிதுமான எழுத்துகளில் மூன்று பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. தலைவாசலில் ஒரு பெயர் கல்லில். உள்ளறைச் சன்னலில் மூன்று பெயர்கள் வண்ணப் பலகையில். ஆணுக்கு வீடு தந்த பெயர் முந்நூறு ஆண்டு நிற்கிறது. பெண் எந்த வீட்டுக்குப் போவது என்று எண்ணி எண்ணித் தன் பெயரைக் கீறிப் பார்த்திருக்கிறாள். கனவில் அவர் பற்றும் குளிர்ந்த சிறு கை, இருபது ஆண்டாக அலைகிறேன், உள்ளே விடுங்கள் என்று கெஞ்சுகிறது. பயத்தில் அவர் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறார். நாகரிகமான, நகரத்துப் பழக்கமுள்ள மனிதர் அவர். இந்த நாவலின் மிகக் கொடூரமான செயல்களில் ஒன்றை அவரைத்தான் செய்யவைக்கிறார் எமிலி. கடைசியில் ஹீத்கிளிஃப் இறப்பதும் அதே கட்டிலில், அதே சன்னல் திறந்து கிடக்க, மழை நனைத்த முகத்தோடு. ஆடிக்கொண்டிருந்த சன்னற்கதவு அவன் கையைச் சிராய்த்திருக்கிறது, இரத்தம் வரவில்லை. வாழ்நாளில் அவன் யாருக்காகவோ திறந்து வைத்த ஒரே சன்னல் அது.

இந்த வீடுகள் உண்மையில் எங்கே இருந்தன என்று தேடுபவர்கள் இன்றும் ஹாவொர்த்துக்குப் போகிறார்கள். மேட்டுநிலத்தில் டாப் விதென்ஸ் என்ற பண்ணைவீட்டின் இடிபாடு இருக்கிறது. ப்ராண்டே சங்கம் 1964இல் அங்கே பதித்த பலகை, இந்தக் கட்டடம் முழுமையாக இருந்தபோதும் நாவலின் வீட்டைப் போல இருந்ததில்லை என்றும், அமைந்திருக்கும் இடம் மட்டும் எமிலியின் மனத்தில் இருந்திருக்கலாம் என்றும் நேர்மையாகச் சொல்கிறது. முகப்புச் சிற்பங்களுக்கு ஹாலிஃபாக்ஸ் அருகே இருந்த ஹை சன்டர்லாந்து மாளிகையைக் காட்டுவார்கள். எமிலி அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சில மாதங்கள் ஆசிரியையாக இருந்தவர். அந்த மாளிகை இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். ஓரிடத்திலிருந்து காற்றையும் இன்னோரிடத்திலிருந்து கல்லையும் எடுத்து அவர் கட்டிய வீட்டுக்கு, தாளில் வரைந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில் போய்ச் சேர முடியாது என்றே எண்ணுகிறேன்.

1802 செப்டம்பரில் லாக்வுட் மறுபடி வரும்போது ஹைட்ஸின் வாயில் பூட்டியிருக்கவில்லை, கைவைத்ததும் திறக்கிறது. பழமரங்களுக்கு நடுவிலிருந்து பூமணம் வருகிறது. கதவுகளும் சன்னல்களும் திறந்து கிடக்கின்றன. உள்ளே, கேத்தரினின் மகள் ஹேர்ட்டனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருகாலத்தில் அவனைக் கேலி செய்தவள் அவள்தான். இளவேனிலில் இருவரும் சேர்ந்து ஜோசப்பின் பழப்புதர்களைப் பிடுங்கிவிட்டு, அங்கே நடுவதற்குக் கிரேஞ்சிலிருந்து பூச்செடிகள் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். அவன் கஞ்சிக் கிண்ணத்தில் அவள் பூக்களைச் செருகி வைத்தாள். இரண்டு வீடுகளும் நாவலில் முதன்முறையாக ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வது அந்தச் செடிகளின் வடிவில்தான். ஆகவே அவர்கள் திருமணத்துக்குப் பிறகு கிரேஞ்சுக்குக் குடிபோகிறார்கள் என்றும், ஹைட்ஸில் ஜோசப் சமையலறையில் மட்டும் இருக்க, மற்ற அறைகள் அடைக்கப்படும் என்றும் நெல்லி சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் ஒப்புவதில்லை. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை ஏன் மறுபடி சாத்த வேண்டும்? கம்பளமும் நூலகமும் உள்ள வீட்டில் ஹேர்ட்டன் எப்படி இருப்பான்? கேத்தரின் பட்டதை அவனும் படுவானா? எமிலி இதற்குப் பதில் வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் முன்பே வைத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய ஹேர்ட்டன், ஒருநாள் தலைவாசலின் கீழே நின்றுகொண்டு, இப்போது அதை என்னால் வாசிக்க முடியும் என்று அந்தப் பெண்ணிடம் பெருமையோடு சொல்கிறான். அசை அசையாகத் தன் பெயரைப் படித்தும் காட்டுகிறான். அந்த எண்கள் என்னவென்று அவள் கேட்கிறாள். அது இன்னும் வரவில்லை என்கிறான், அவள் சிரிக்கிறாள். அவர்களுக்குத் திருமணம் 1803 புத்தாண்டு நாளில் என்று குறித்திருக்கிறது. புறப்படும்போது அவன் வாசலில் நின்று அந்த எண்களை வாசித்தானா என்பதற்கு முன்பே நாவல் முடிந்துவிடுகிறது.